எடை மெஷினை இழுத்த கைகள்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அருகிருக்கும் மருத்துவர் பெருமக்களே! முன்வரிசைக்கு முகவரி தந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! வயிற்றுக்குள் ஒன்றை வளர்த்தபடி வந்திருக்கும் தங்கைகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

குரலைக் கேட்டதும் சிரிக்கிறீர்கள். ஆமாம், பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் தினமும் உங்களை விரட்டும் குரல்தான் இது. இப்போது எந்த வண்டியும் புறப்படாது, நிம்மதியாக உட்காருங்கள்!

பணி நிறைவு பெறும் நம் நர்சம்மாவைப் பாராட்ட என்னை அழைத்தார்கள். பாராட்டத் தெரியாது எனக்கு. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மூன்று மாதக் கர்ப்பிணியாக இந்த மருத்துவமனைக்கு வந்தேன். எடை மெஷின் அப்போது வராந்தாவில், வரிசைக்கு நேர் எதிரே இருந்தது. ஏறி நின்றேன். பதிவேட்டுக்காரர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "தொண்ணூத்தி நாலு!"

வரிசையில் யாரோ, "மெஷின் தாங்குமா?" என்றார்கள். சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாளே முடிவெடுத்தேன்: இனி தின்றால்தானே ஏறும்? காலையில் வெறும் தேநீர். மதியம் மாமியார் கட்டித் தந்த சாப்பாட்டை டிக்கெட் கவுண்டர் அண்ணனிடம் தள்ளிவிடுவேன். அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மறைக்கிறாரே, அவர்தான்! இரண்டே மாதத்தில் எனக்கு வரவேண்டிய வயிறு அவருக்கு வந்துவிட்டது.

ஐந்தாம் மாதம் ஒருநாள், மைக்கின் முன்னால் அறிவித்துக்கொண்டிருந்தேன். "பயணிகளின் கனிவான..." அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் நர்சம்மா.

"நாலு கிலோ கொறைஞ்சிருக்கே."

நான் பெருமையாகக் கேட்டேன்: "நல்லதுதானே சிஸ்டர்?"

அவர் சிரிக்கவில்லை. அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டே? பொய் வேணாம். நான் திட்ட மாட்டேன்."

திட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். திட்டாததால் எல்லாம் சொன்னேன், வராந்தாச் சிரிப்பு வரைக்கும்.

பிறகு என் மாமியாரை உள்ளே அழைத்தார். அவர் பதறினார்: "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்னு ரெண்டு பங்கு கட்டிக் குடுத்தேனேம்மா! எல்லாம் எங்கடி போச்சு?"

"கவுண்டர் அண்ணனுக்கு, அத்தை."

நர்சம்மா இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பங்கு வேணாம்மா. பட்டினியும் வேணாம். தட்டுல பருப்பு, கீரை, முட்டை, பழம் இருக்கட்டும். இனிப்பைக் கொறைங்க. சாயங்காலம் கொஞ்சம் நடக்கட்டும். இந்த ஒடம்புக்கு எடை ரொம்ப ஏற வேண்டியதில்ல, கொஞ்சம் ஏறினாப் போதும். எவ்வளவுன்னு டாக்டர் சொல்லுவாங்க. ஆனா இளைக்கிறதுக்கு இது நேரமில்ல."

இதோடு முடிந்திருந்தால் நல்ல நர்ஸ் என்று சொல்லி நான் இறங்கியிருப்பேன். முடியவில்லையே!

அடுத்த முறை போனபோது வராந்தாவில் மெஷின் அதன் இடத்தில் இல்லை. நர்சம்மா தன்னந்தனியாக அதை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனை அதிகாரி ஓடிவந்தார். "யாரக் கேட்டு எடத்த மாத்துறீங்க?"

நர்சம்மா நிமிர்ந்தார். "எடை பாக்குறது வைத்தியம் சார். ஏலம் இல்ல."

கை தட்டுங்கள், இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது? ஒரு வாரம் விளக்கக் கடிதம், விசாரணை, முறைப்பு. அத்தனைக்கும் அசையவில்லை அவர். அசையவில்லை அந்த மெஷின்! கதவு சாத்தப்பட்டது. எண் கூவப்படவில்லை, அட்டையில் எழுதப்பட்டது. பதிவேட்டுக்காரரே ஒருநாள் என்னிடம் வந்து, "தப்பு என்னோடதும்மா" என்றார்.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள், சுகமாக. அவள் என் மகிழ்ச்சி. ஆனால் நர்சம்மாவின் வெற்றி அவள் மட்டுமல்ல. மெஷின் உள்ளே போன மாதத்தில், கர்ப்பமாகி ஏழு மாதமாகியும் இந்த மருத்துவமனைப் படியேறாத ஒரு சலவைத் தொழிலாளி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தவள். "என் ஒல்லியப் பாத்துச் சிரிப்பாங்கன்னு வரல சிஸ்டர்" என்றாள். பெருத்தவளுக்கும் அதே பயம், மெலிந்தவளுக்கும் அதே பயம்! அவளும் தேறினாள், அவள் பிள்ளையும் தேறியது.

தோழர்களே, தாய்மார்களே! கர்ப்பிணியைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது என்ன? "என்ன இப்படி ஊதிட்டே?" "என்ன இப்படி வத்திட்டே?" இதைக் கேட்க நாம் யார்? எடை சொல்ல மெஷின் இருக்கிறது. அளவு சொல்ல மருத்துவர் இருக்கிறார். நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டியாம்மா?"

நர்சம்மா, கூச்சத்தில் குனியாதீர்கள். இந்த ஊர் உங்களை நிமிர்ந்து பார்க்க ஆசைப்படுகிறது.

பேச வைத்த தலைவருக்கும், கேட்டுச் சிரித்த உங்களுக்கும், என்னைச் சாப்பிட வைத்த அந்தத் தாய்க்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.