கைப்பிடி இல்லாத சமையலறை

சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. சமைப்பவரை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஐந்து அங்குலம் கீழே கோடு போட்டால் போதும். இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி இருபது வருடம் பிழைத்துவிட்டேன்.

அழகும் வசதியும் ஒன்றாக அமைந்த சமையலறையை எப்படி வடிவமைப்பது என்று கேட்டு, உங்கள் பத்திரிகைக்காக வந்திருக்கிறீர்கள். பரிசு வாங்கிய என் வீட்டுச் சமையலறையைப் படமும் எடுத்துக்கொண்டீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேடை, வெள்ளைக் கதவுகள். கைப்பிடி ஒன்றுகூடக் கிடையாது; லேசாக அழுத்தினால் திறந்துகொள்ளும். "மேடை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல சார்" என்று வியந்தீர்கள். தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதுவதானால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வளர்த்தது அக்காதான். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும், "இவன் ஒருத்தனை மேய்க்கவே எனக்கு நேரம் போதல, இன்னொருத்தர் வேறயா" என்று சிரித்தே அனுப்பிவிடுவாள். எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோடுதான் இருந்தாள். சமையலறை அவள் ராஜ்ஜியம். வேலைக்குப் போகும் என் மனைவிக்கு அதில் பரம திருப்தி.

ஐம்பத்தைந்து வயதில் அக்காவின் பார்வை மங்க ஆரம்பித்தது. போகப்போக வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன்.

"அழுமூஞ்சி மாதிரி உக்காராதடா," என்றாள் அக்கா. "என் கையால சமைச்சுப் போட முடியற வரைக்கும் உங்க வீட்டுல இருப்பேன். முடியலையா, பார்வையில்லாதவங்க விடுதி இருக்கு, நானே போயிடுவேன். யாருக்கும் பாரமா உக்காந்து சாப்பிட மாட்டேன்."

"என்னக்கா பேச்சு இது" என்று கடிந்துகொண்டேன். உள்ளே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆனால் அக்காவின் கண் போனதே தவிர சமையல் போகவில்லை. பழைய மேடையின் ஓரம் ஓரிடத்தில் உடைந்திருக்கும். அதைத் தொட்டதும் அடுப்பு எத்தனை சாண் தள்ளி என்று அவளுக்குத் தெரியும். அடுப்புக் குமிழைத் திருகும்போது வரும் 'டக்' சத்தத்தை எண்ணித் தீயை வைப்பாள். மூன்று வருடத்தில் ஒரு தோசைகூடத் தீய்ந்ததில்லை. சமையலறையை விட்டு வெளியே வந்தால்தான் கஷ்டம். குளியலறைக்கு நான் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அவள் தட்டிவிட்டதைப் பொறுக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் வந்திருக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். எனக்கு முகம் சுருங்கிப்போகும். நான் அலுத்துப்போயிருந்தேன். போ என்று சொல்ல வாய் வரவில்லை. அவளாகவே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

"சமையலறையை உனக்கு வசதியா மாத்தப் போறேங்க்கா" என்றேன் ஒருநாள்.

"பழசே போதும்டா. அதுக்கு என் கையைத் தெரியும்."

ஆனாலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி எனக்காகவே செய்கிறான் என்று பக்கத்து வீடெல்லாம் சொல்லிவிட்டாள். முழங்கை அளவு எடுக்க நிற்கவைத்தபோது, "என்னடா, சட்டை தைக்கப் போறியா" என்று கேலி செய்தாள். மேடை உயரத்தை அவள் அளவுக்கே வைத்தேன். அந்த ஒன்றில் மட்டும் நேர்மையாக இருந்தேன்.

படம் வரைவதற்கு முன் கண் மருத்துவமனைக்குப் போய், பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்தேன். பொறுமையாகச் சொன்னார். மேடை வெளிர் நிறமென்றால் விளிம்பு அடர் நிறமாக இருக்கட்டும், பளபளப்பே வேண்டாம், கண் கூசும். கைக்கு அகப்படும் கைப்பிடி வையுங்கள். அடுப்புக்குக் குமிழ்தான் நல்லது, சத்தம் வர வேண்டும். "அக்கா குடுத்து வெச்சவங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து, அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானதை வரைந்தேன். அவ்வளவு கண்ணும் கருத்துமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

என் மனைவிக்கு மட்டும் உறுத்தியது. "எல்லாமே வெள்ளையா இருந்தா அண்ணிக்கு எப்படிங்க தெரியும்?"

"அதான் தொட்டுப் பாத்துப்பாங்களே" என்றேன், நாக்குக் கூசாமல்.

முதல் வாரம் அக்கா சிரித்தாள். கதவு என்று நினைத்துச் சுவரை அழுத்துவாள். சாய்ந்து நின்றால் இடுப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். மேடை இருக்கிறது என்று நம்பிக் கோப்பையை வெறும் காற்றில் வைப்பாள். இரண்டாம் வாரம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். உடைந்த கண்ணாடியைக் கூட்டும் என் மனைவியிடம், "புத்தி எங்கயோ போயிடுச்சும்மா" என்பாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பை மேடை என்று நினைத்து உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். வழவழப்பான வெள்ளைக் கண்ணாடி மின்னடுப்பு. அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இருக்கும். சூடு இருக்கிறது என்று காட்ட ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு மட்டும்தான். கை சுடும் என்று நான் நினைக்கவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடு இருக்கும்வரை சத்தம் கொடுக்கும் அடுப்பும் அதே கடையில், பக்கத்திலேயே இருந்தது.

கையில் போட்ட கட்டைப் பிரிப்பதற்குள் அக்கா விடுதிக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டாள். என் மனைவி அழுதாள். "குறை உன் வீட்டுல இல்லம்மா, என்கிட்டதான்" என்று அவளைத் தேற்றிவிட்டுத்தான் அக்கா வண்டியில் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான். அந்த வருடக் கடைசியில் சமையலறைக்குப் பரிசு கிடைத்தது.

சென்ற மாதம் அந்த விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருப்பவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ள ஒரு சமையலறை வேண்டுமாம். ஒரே பிற்பகலில் வரைந்து கொடுத்தேன். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்த அன்று அக்காவைக் கூட்டிவந்து விட்டார்கள். கறுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்தாள். குமிழைத் திருகிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ போட்டு, தழும்பேறிய கையால் என் பக்கம் நீட்டினாள்.

"நல்லா செஞ்சிருக்கடா. நம்ம வீட்டுலயும் இப்படிச் செஞ்சிருந்தா நான் அங்கயே இருந்திருப்பேன். பாவம், உனக்கு அப்ப தெரியல."

டீயை வாங்கிக்கொண்டேன்.

"ஆமாக்கா," என்றேன். "அப்ப தெரியல."