அண்ணன் பாதியில் விட்ட மானிட்டர்

— மறுபடியுமா? இதோட நாலு தடவை அந்த ஸ்க்ரூடிரைவரை உள்ள விட்டு எடுத்துட்ட, தம்பி.

— இருங்க அண்ணி. இன்னும் ஒரே ஒரு தடவை.

— பிளக்கைத்தான் பிடுங்கி நடையில போட்டாச்சே! அப்புறம் என்ன பயம்?

— பிளக்கைப் பிடுங்கினாலும் இந்த பிக்சர் டியூப் கரண்டை உள்ள பிடிச்சு வெச்சுக்கும். ரப்பர் மூடிக்கு அடியில ஸ்க்ரூடிரைவரை விட்டு, வயர் வழியா ஃப்ரேம்ல இறக்கினாத்தான் போகும்.

— ஆறு வருஷமா கரண்டையே பார்க்காத சாமான்டா இது!

— தெரியும். இருந்தாலும் இருங்க.

— ஆமா, பெரிய இன்ஜினியர். போன மாசம் வரைக்கும் பல்பு மாட்டவே ஆள் கூப்பிட்டவரு.

— சிரிங்க, சிரிங்க. முதல் தடவை செய்றவன் இப்படித்தான் செய்வான். இருபத்தெட்டு கெப்பாசிட்டர் மாத்தியிருக்கேன். அதுல ஒண்ணைத் தலைகீழா வெச்சு, கழட்டி, திரும்ப ஈயம் உருக்கிப் பத்த வெச்சேன்.

— படம் வருமா?

— வரணும். வரலேன்னாலும் அண்ணன் பேர் இருக்கு. டார்ச்சைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.

— ஐயோ... ஆமா, அவரோட மூணு எழுத்து! அணைஞ்சு கிடக்கிற கண்ணாடியில எப்படிடா?

— இது கேம் கடையில இருந்தப்போ, கடையை மூடற வரைக்கும் ராப்பகலா அந்த ஸ்கோர் பலகைதானே ஓடுச்சு. முதல் இடத்துல அண்ணன் பேர். கண்ணாடிக்கு உள்பூச்சு அப்படியே வெந்து போச்சு. இனி அழியாது.

— அழிய வேண்டாம். சரி, ஆன் பண்ணு.

— மாட்டேன் அண்ணி. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும்.

— சொல்லேன்.

— அன்னிக்கு அண்ணன் இதைத் திறந்து வெச்சுட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டியாடான்னு கேட்டார். பிடுங்கிட்டேன், தைரியமா கை வைங்கன்னு சொன்னவன் நான். சொல்லிட்டு ஈயக்கம்பி வாங்கக் கடைக்குப் போயிட்டேன். டியூப்ல கரண்டு தங்கும்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. காரியம் முடிஞ்ச மறுவாரம் மானிட்டர் ரிப்பேர் புத்தகம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். அண்ணனை நான்தான் கொன்னேன், அண்ணி.

— அதனாலதான் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறியா? இத்தனை வருஷமா?

— உங்க குடும்பத்தைக் கெடுத்துட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் ஒரு குடும்பம் நடத்துறது?

— அந்தத் தங்கின கரண்டு ஆளைக் கொல்லுமா?

— கையை உதறித் தள்ளிடும்னு போட்டிருக்கு. உயிர் போறது அபூர்வமாம். ஆனா அண்ணன் போயிட்டாரே.

— அவர் கையை உதறலே, தம்பி. நான் உள்ள வந்தப்போ விரல் இதுலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

— ஒட்டிக்கிட்டா? அது ஓடுற கரண்டுல்ல அப்படி இழுத்துப் பிடிக்கும்! இல்ல அண்ணி, இருக்காது. நான் ஓடி வந்தப்போ பிளக் வெளியிலதான் கிடந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

— அன்னிக்கு நம்ம பாப்பா புழுக்கத்துல வீல் வீல்னு அழுதா. நடையில ரெண்டு பிளக் கிடந்துச்சு, ரெண்டும் கறுப்பு. ஃபேனோடதுன்னு நினைச்சு ஒண்ணை எடுத்து மாட்டினேன். ஃபேன் சுத்தலே.

— அண்ணி...

— நீ ஓடி வர்றதுக்குள்ள அதைப் பிடுங்கிப் போட்டதும் நான்தான்.