தம்பி போட்ட ஆறாவது பாட்

அந்த ஆறாவது உங்ககிட்ட குடுத்த கணக்குல வராது சார். பல் டாக்டருக்கு நேரம் குடுக்குறது, செருப்புக் கடைக்கு சைஸ் சொல்றது, அந்த மாதிரி மெசேஜுக்குத் தானா பதில் அடிக்கிற அஞ்சு சாட்பாட்தான் நம்மளது. அதையெல்லாம் புது சர்வருக்கு மாத்திக்கோங்க. இது என் தம்பியோடது.

ஆமா, ரெண்டு பேரும் சேந்துதான் இந்த சர்வரைப் போட்டோம். அப்புறம் அவன் வேலை கிடைச்சு வெளிநாடு போயிட்டான். பாஸ்வேர்ட் அவன்கிட்டயும் இருந்துச்சு. கூடப் பொறந்தவன், மாத்தணும்னு தோணுமா?

அப்பா படுத்த படுக்கையானப்ப அவன் வரல. லீவு இல்லியாம். ஆனா காலையில டாண்ணு மெசேஜ் வந்துடும். தூங்குனீங்களாப்பா, வலி குறைஞ்சுதாப்பான்னு. இவரும் தட்டுத்தடுமாறி பதில் அடிப்பாரு. உடம்பு துடைச்சு விட்டுக்கிட்டிருக்கிற என்கிட்டயே போனை நீட்டுவாரு. பாரு, அத்தனை வேலையிலயும் எப்படி விசாரிக்கிறான், நீயும் இருக்கியே, உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுறியாம்பாரு. துணியைப் பிழிஞ்சுக்கிட்டு வந்துடுவேன்.

ஒருநாள் மெமரி நிறைஞ்சு எல்லாம் திணற ஆரம்பிச்சுது. எது இப்படித் திங்குதுன்னு பாத்தா, நான் போடாத ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. தொறந்தா எங்கப்பா நம்பர் சார். அவனோட பழைய மெசேஜையெல்லாம் குடுத்து, அவன மாதிரியே பேச வச்சிருக்கான். என் சர்வர்லயே!

கேக்காம விடுவேனா? அக்கா, அப்பா சந்தோஷமாத்தானே இருக்காரு, விடேன்னுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டான்.

நிறுத்திட்டேன். மறுநாள் அப்பா போனையே பாத்துக்கிட்டுக் கிடந்தாரு. சாப்பாட்டைத் தொடல. புள்ளைக்கு என்ன ஆச்சோன்னு அழுகை. பாக்க முடியல சார். என் கையாலயே திரும்ப ஓட விட்டேன். அதுக்கப்புறம் அது படுத்தப்பெல்லாம் எழுப்பி விட்டது நான்தான்.

இப்ப அழிச்சுடலாமாவா? வேண்டாம், ஓடட்டும். அப்பா ஏங்கிப் போவாரேன்னு இல்ல, அவரு போன மாசமே போயிட்டாரு. இல்ல, தம்பி வரல. அவனுக்குத் தெரியாது. நான் சொல்லியிருப்பேன்னு சொந்தக்காரங்க நெனச்சுக்கிட்டாங்க. இது தினமும் காலையில விசாரிச்சுக்கிட்டேதான் இருக்கு, அப்பாகிட்டயிருந்து பதிலே வரலையேன்னுகூட அவன் இன்னும் எட்டிப் பாக்கல. ஒரே ஒரு தடவை போன் பண்ணி, அப்பாகிட்ட குடு அக்கான்னு கேக்கட்டும், சொல்றேன்.