பன்னிரண்டு நாட்டுக்கு ஒரு கூட்டாத வீடு

அவைக்குத் தலைமை ஏற்றும், என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியும் விட்ட ஓவிய ஆசிரியர் யேசுதாஸ் ஐயா அவர்களே, கடற்காற்றையும் கடும் வெயிலையும் கடந்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம்வரை பஸ் ஏறி வந்த மாணவ மாணவியரே, துப்பட்டியும் முந்தானையும் தோளோடு தோள் உரச முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும். அன்பு வணக்கம்.

என் பெயர் ஜஸீலா. ஊர் பெரியபட்டினம். கணினியில் படம் வரைவது தொழில். பல நாட்டு மக்களும் விரும்பும் படத்தை எப்படிப் படைப்பது என்று பேசச் சொல்லிப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வீட்டில் பேச ஆளில்லாத ஒருத்தி கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தது நீங்கள். நேரம் போனால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

பின்னாலிருந்து யாரோ "சத்தமாப் பேசுங்கக்கா" என்கிறார்கள். பேசுகிறேன். சத்தமாகப் பேசும் பழக்கமே விட்டுப்போய்விட்டது, அதுதான் சங்கதி.

செல்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோமே, அசையும் வாழ்த்துப் படங்கள், அவற்றை வரைந்து தருவது என் வேலை. நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது. பயணம் போகிறவருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், பன்னிரண்டு நாட்டுக்கும் அது பொருந்த வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு விதிப்பட்டியலும் வந்தது. வெள்ளை வேண்டாம், ஓரிடத்தில் மணக்கோலம், வேறோரிடத்தில் துக்கம். நான்கு பூ வேண்டாம். சில நாட்டில் அந்த எண் ஆகாது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டாதே. சில ஊரில் அது வசவு. தவறா? தவறே இல்லை. பிறர் மனம் நோகாமல் வரைவதும் ஒரு மரியாதைதான்.

மரியாதையோடு வரைந்தேன். ஒரு விமானம், ஓர் அசையும் கை, ஒரு சிவப்பு இதயம். பன்னிரண்டு நாடும் ஏற்றுக்கொண்டன. யார் மனமும் நோகவில்லை. யாரும் அதை யாருக்கும் அனுப்பவும் இல்லை.

பத்து நாளில் வேறொரு படம் கொடு, அதுவும் எடுபடாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். வேலை போனால் என்ன என்று கேட்பீர்கள். அந்த வேலைக்கான கணினித் திரையில்தான் தாய்மார்களே, நாளுக்கு ஒரு தடவையாவது ஒரு மனிதக் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். தப்பும் தவறுமாகத்தான் கூப்பிடும். ஆனாலும் கூப்பிடும்.

அதே வாரம் என் கணவர் ஃபஹத்துக்கு விடுமுறை முடிந்தது. சவூதியில், தம்மாமில் வேலை, இரண்டு வருடத்துக்கு நாற்பது நாள் விடுப்பு. வாசலில் சலாம் சொல்லிவிட்டு, மண் ஒட்டிய செருப்போடு, மறந்த எதையோ எடுக்க உள்ளே ஒரு நடை வந்து போனார். தரையெல்லாம் கடற்கரை மண்.

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை நம் பக்கத்தில் வீட்டைக் கூட்டுவோமா? மாட்டோம். அதோ, முன்வரிசையே தலையசைக்கிறது. போய் இறங்கியதும் அவர் போன் செய்வார். "எறங்கிட்டேன், நீ வீட்டக் கூட்டிக்க." அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தைக்காகத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருப்பேன்.

இந்த முறை போன் வரவில்லை. விமானம் நலமாகத் தரையிறங்கியது என்று கணினி சொன்னது. கணினி சொன்னால் கூட்டிவிடலாமா? அவர் அல்லவா சொல்ல வேண்டும்? முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. "ஜஸீலா, என் சார்ஜர அங்கனயே விட்டுட்டு வந்துட்டனா, பாரு" என்றார். பார்த்தேன், மேசை மேல் இருந்தது. இருக்கு என்றேன். சரி என்றார். வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

அந்த மூன்று நாளில் நான் வரைந்து முடித்திருந்தது என் வீட்டைத்தான். வேறு வீடு எனக்கு ஏது? பச்சைக் கதவு, தரையில் மண், மண்ணில் ஒருவர் வெளியே போன செருப்புத் தடம். சாய்த்து வைத்த துடைப்பம், பக்கத்தில் ஒரு பெண்ணின் முதுகு. அசைவது ஒன்றே ஒன்று, காற்றில் அவள் துப்பட்டியின் ஓரம்.

அனுப்பிய மறுநாளே நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. தரை அழுக்காக இருக்கிறது, மண்ணை அழி, பெண்ணைத் திருப்பிச் சிரிக்க வை. வேலை வேண்டுமே. அழிக்க உட்கார்ந்தேன். ஒரு தடம் அழிந்தது, இரண்டாவதும் அழிந்தது. அந்த நேரம் மீன் கொண்டுவரும் லீமாரோஸ் அக்கா கூடையோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"யாரு தாயி பயணம் போயிருக்கா?" என்றார்.

"படத்தப் பாத்து எப்புடிக்கா கண்டுபிடிச்சீக?"

"வெளக்கமாறு சும்மா நிக்குது, மண்ணு அப்புடியே கெடக்கு. ஆம்பளையாளு கடலுக்குப் போனா எங்க வீடும் இப்புடித்தான் கெடக்கும். அத எதுக்கு அழிக்கிற? ஆளு போய்ச் சேந்தாச்சா?"

"சேந்துட்டாருக்கா. சொல்லத்தான் மறந்துட்டாரு."

அக்கா கூடையை இறக்கி வைத்தார். "அப்பன்னா அழிக்காத. சொல்ற வரைக்கும் கெடக்கட்டும்" என்றார்.

அழித்த இரண்டு தடத்தையும் திரும்பக் கொண்டுவந்தேன். மாற்ற முடியாது, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் பேச்சுமூச்சில்லை. பிறகு, சோதனைக்காக வெளியிட்டுப் பார்த்ததாகச் சொல்லி, பார்த்தவர்கள் எழுதியதை எனக்கு அனுப்பினார்கள். உக்ரைனிலிருந்து ஒரு தாய், மகன் புறப்பட்டுப் போனால் நாங்களும் தரையைத் துடைக்க மாட்டோம் என்றார். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், துடைப்பம் எனக்குப் புரியவில்லை, ஆனால் சாப்பாட்டு நடுவே யாராவது கிளம்பினால் எங்கள் வீட்டில் தட்டைத் திருப்பி வைப்போம், என் அம்மா திருப்பிய தட்டு நினைவுக்கு வந்தது என்றார். எந்த வழக்கமும் இல்லாத ஊரிலிருந்து ஒரு பெண் ஒரே வரி எழுதியிருந்தாள்: இவளுக்கு யாரோ போன் செய்யவில்லை. படம் வெளிவந்தது, என் வேலையும் தப்பியது.

ஆகவே மாணவியரே, பல நாட்டுக்கும் படைக்க வேண்டுமா? நிறம் அறியுங்கள், எண் அறியுங்கள், நோகடிக்காதிருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாம் கற்றபின் எதை வரைவீர்கள்? ஊரே இல்லாத ஊரையா? முகமே இல்லாத முகத்தையா? உங்கள் வீட்டுத் தரையின் மண்ணை நீங்களே அழித்துவிட்டால், உலகம் உங்களிடம் எதைப் பார்க்க வரும்? உங்களுக்கு வலித்த இடத்தை வரையுங்கள். அதை எந்த நாட்டுக்காரரும் அடையாளம் கண்டுகொள்வார்.

கை தட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினோரு நாளுக்கு முன்னால் அந்தப் படம் என் செல்பேசிக்கே வந்தது. அனுப்பியவர் என் கணவர். அறையில் உடன் தங்கியிருக்கும் யாரோ அவருக்கு அனுப்பினார்களாம். கீழே எழுதியிருந்தார்: "யாரோ நம்ம வீடு மாதிரியே வரைஞ்சிருக்காங்க பாரு. அன்னைக்கு நான் சொல்ல மறந்துட்டேன்ல. நீ எப்பக் கூட்டுன?"

வீட்டை அடையாளம் கண்டுவிட்டார். வரைந்தவளைத் தெரியவில்லை. நான் என்ன வரைகிறேன் என்று அவர் கேட்டதில்லை. வலியப் போய் நான் சொன்னதும் இல்லை. பாதிக் குற்றம் என்னுடையது. பதில் எழுதப் போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததை இன்று உங்கள் முன்னூறு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா மணியடித்துவிட்டார். பேச இடம் தந்த தலைவருக்கும், அழைத்த விழாக் குழுவினருக்கும், எழுந்து போகாமல் கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. குழுவினர் இதைப் பதிவு செய்கிறார்கள் அல்லவா, அந்தப் பதிவை எனக்குக் கொடுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் தம்மாமுக்கு அனுப்ப வேண்டும்.

மச்சான், அந்தப் படத்த வரைஞ்சது நாந்தான். மூணாம் நாளு சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறகு வீட்டக் கூட்டுனேன், நீங்க சொல்லாமயே. அஸ்ஸலாமு அலைக்கும்.