பக்கத்தில் இல்லாத நட்சத்திரங்கள்

களம்பூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில், இருட்டத் தொடங்கிய நேரம். அரிசி மில் வேலை முடித்த இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"வானத்துல வேட்டைக்காரன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம், அவன் இடுப்புல மூணு நட்சத்திரம் ஒட்டினாப்ல தெரியுதில்ல? அதுங்க ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலயே இல்லியாம்க்கா," என்றாள் இளையவள். "இன்னிக்கி ராத்திரி இஸ்கூல்ல டெலஸ்கோப்பு வெச்சி காட்டறாங்க, வாலண்டியர்னு ஜனங்களுக்கு நான்தான் சொல்லணும். நம்புவாங்களான்னு பயமா இருக்குது."

"நானே நம்பலியேடி."

"தோ, ஜன்னலுக்கு வெளிய மூணு லைட்டு ஒட்டினாப்ல வரிசையா தெரியுதா? பாத்துகினே இரு."

பஸ் நகர நகர, ஒரு விளக்கு சாலையோரத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் வயலுக்கு அப்பால் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மூத்தவள் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டாள். உடனே போனை எடுத்தாள்.

"என்னாங்க, சோறு நீங்களே ஆக்கிடுங்க. நான் நட்சத்திரம் பாக்கப் போறேன்."