டேங்க் மூடியில ஒரு ஓட்டை

மாப்பிள்ளையையும் பொண்ணையும் வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. தாய்மாமன் பேசாம வேற யாருங்க பேசறது? ஆனா வெறும் வாழ்த்து எதுக்கு... குட்டியூண்டா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லிப்புடறேன். பந்தி ஆறாது, பயப்படாதீங்க.

என்ற மாமனாரு ஒரு மோட்டார் சைக்கிள் வச்சிருந்தாரு. பேரைச் சொன்னா கம்பெனிக்காரனே திரும்ப விலைக்குக் கேட்டு வந்து நிப்பான், அதனால சொல்லலை. என்ற வீட்டுக்காரி தெய்வாத்தா சின்னப்புள்ளையில பள்ளிக்கூடம் போனதே அந்த டேங்க் மேல உக்காந்துதான். மாமனாரு போனப்புறம் வண்டி கோழிப்பண்ணையில கிடந்துச்சு. சீட்டு மேல கோழி முட்டை வச்சுக் குஞ்சு பொரிச்சு... மூணு தலைமுறைக் கோழிக்கு அதுதாங்க பூர்வீகம்!

ஒரு நாள் என்ற மச்சான் பொங்கியண்ணன் சொல்றான்... "மாமா, புது வீடு கட்டியாச்சு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு இந்தத் துருவை எடைக்குப் போட்டுடறேன்."

தெய்வாத்தா முந்தானையை எடுத்து அந்த டேங்கை ஒரு துடை துடைச்சா. அவ்வளவுதான். நான் விடுவனா? "டேய் மச்சான்! கிரகப்பிரவேசத்துக்கு உங்கக்காளை இதே வண்டியில கூட்டிட்டு வந்து உன்ற வாசல்ல நிறுத்தறேன். நிறுத்தலைன்னா வண்டியை எடைக்குப் போட்டுக்க... கூடவே என்ற மீசையையும் போட்டுக்க!"

"மாமா, உங்களுக்குக் கழண்ட சைக்கிள் செயினே மாட்டத் தெரியாதுங்களே?"

கேட்டானா? கேட்டான். எனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா தெரியாதவன்தான் சாமி, பயப்படாமப் பிரிப்பான்!

பிரிச்சேன்... முன்சக்கரத்துல இருந்து கடைசித் திருகாணி வரைக்கும். எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டேன். தெய்வாத்தா வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, எது எங்கிருந்து வந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"ங்கறா. "வண்டிக்கு ஞாபகம் இருக்கும் போ!"ன்னேன். திரும்பப் பூட்டி முடிச்சப்ப ஒரு கை நிறைய நட்டு மிச்சம். மிச்சம்னா என்ன அர்த்தம்? கம்பெனிக்காரன் அனாவசியமாப் போட்டிருக்கான்னு அர்த்தம்! இஞ்சின் சத்தம் வந்தன்னிக்கு பவானி ஆத்துத் தண்ணி ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போச்சுங்க. பொய்யில்லை.

அப்புறம் பெயிண்ட். கறுப்புன்னா கறுப்பு... காக்கா வந்து மொகம் பாத்துட்டுப் போகும். அப்பத்தான் பாக்கறேன், டேங்க் மூடியில ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை! அடப்பாவி, மழை பேஞ்சா பெட்ரோல்ல தண்ணி எறங்காதா? எடுத்தேன் லப்பத்தை, அடைச்சேன் ஓட்டையை, அடிச்சேன் பெயிண்டை. ஓட்டை இருந்த எடமே தெரியலை. கம்பெனிக்காரன் மூளைக்கு எட்டாத வேலை!

கிரகப்பிரவேசம் வந்துருச்சு. தெய்வாத்தா பட்டுச்சேலை கட்டி, மடியில சீர்த்தட்டோட பின்னாடி உக்காந்தா. கவுந்தப்பாடியில கிளம்புனோம், அந்தியூருல மச்சான் வீட்டுக்கு. வண்டி பறக்குது... ஆப்பக்கூடல் எட்டறதுக்குள்ள... டொப்... டொப்... நின்னு போச்சு.

மூடியைத் திறந்து பாத்தேன். பெட்ரோல் தளும்புது. மூடினேன், உதைச்சேன், கிளம்பிருச்சு! "பாத்தியா, என்ற கால் ராசி"ன்னேன். கொஞ்ச தூரம்... டொப். எறங்கு. மூடியைத் திற. பெட்ரோல் இருக்குது. மூடு. உதை. ஓடுது. மறுபடி... டொப். டீக்கடையில இருந்து ஒருத்தன் கத்தறான், "அண்ணோவ்! வண்டி ஊருக்கு ஊரு தொப்பியைக் கழட்டிக் கும்புட்டுட்டுப் போகுதே, எலெக்‌ஷன்ல நிக்குதுங்களா?"

இதுல பொங்கியண்ணன் வேற போன் பண்றான்... "மாமா, எடைக்காரரு மினிடோர் வண்டியோட வந்து நிக்கறாரு. சவரக் கத்தியும் தயாருங்க."

வேர்த்து ஊத்துது. மீசையைத் தடவிப் பாக்கறேன்... இதுதான் கடைசித் தடவலோ?

அப்ப தெய்வாத்தா சீர்த்தட்டைப் புடிச்சுட்டு மெதுவாக் கேக்கறா... "ஏனுங்க, மூடியைத் திறந்தா ஓடுது. மூடி வச்சாக் கொஞ்சத்துல நிக்குது. அப்ப மூடி மேலதானுங்க சந்தேகப்படோணும்?"

"மூடிக்கும் இஞ்சினுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் ஒழுங்கா வருமா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடறோமல்ல? காத்து உள்ள போனாத்தானுங்க எண்ணெய் வெளிய வரும். இந்த மூடியில ஒரு ஓட்டை இருந்துச்சு. நான் டேங்க் மேல உக்காந்து விரலை வச்சு அடைச்சு வெளையாடுவேன், எங்கப்பா கையைத் தட்டி உடுவாரு. எங்க அது?"

"அதை... அழகு பண்ணிட்டேன்"னேன்.

கொண்டையில இருந்து ஒரு ஊசியை உருவுனா. மூடியில வச்சு ஒரே குத்து... உஸ்ஸ்ஸ்னு வண்டி மூச்சு இழுத்துச்சுங்க!

அப்புறம் நின்னுச்சா? அந்தியூரு வரைக்கும் நிக்கலை. எடைக்காரரு மினிடோர்ப் பின்கதவைத் திறக்கறாரு... டப டப டபன்னு வாசல்ல போய் நிறுத்துனேன்! பொங்கியண்ணன் திறந்த வாயை மூடலை. தெய்வாத்தா எறங்குனவ, சீர்த்தட்டைக்கூடக் குடுக்காம, டேங்கை ஒரு தடவு தடவுனா. எடைக்காரரு பந்தியில சாப்பிட்டுட்டு வெறும் வண்டியோட போனாரு.

எதுக்குடா இந்த மாமன் கல்யாணத்துல வண்டிக் கதை அளக்கறான்னு பாக்கறீங்களா? மாப்பிள்ளை நவனீதா... அம்மிணி பூவிழி... கேளுங்க. உங்க ரெண்டு பேருக்கும் பாசம் இருக்குதா? இருக்குது. தளும்புது! தளும்பிட்டே இருக்கறப்பவும் வண்டி நிக்கும் சாமி. ஏன் நிக்குது? காத்துப் போற எடத்தை யாரோ அடைச்சிருப்பாங்க. அவ சிநேகிதிகூடப் போன்ல பேசிச் சிரிக்கறாளா... "யாரு, என்ன பேசுன?"ன்னு லப்பத்தை எடுக்காதே. அவன் ஞாயித்துக்கிழமை பந்து அடிக்கப் போறானா... போயிட்டு வரட்டும் உடு. நல்லதுக்குத்தான் அடைக்கறோம்னு தோணும். நானும் நல்லதுக்குத்தானுங்க அடைச்சேன், மழை வந்துருமேன்னு! ரெண்டு பக்கத்துச் சம்பந்திமாரே, நீங்களும் லப்பத்தை வீட்டோட வச்சுட்டு வந்துருங்க.

இப்ப என்ற தெய்வாத்தா எங்க இருக்கா? சத்தியமாத் தெரியாதுங்க. காலையில இருந்து தன் வயசுச் சோட்டுப் பொம்பளைகளோட ஏதோ ஒரு ரூமுல கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கா. சிரிப்பு மட்டும் வெளிய வருது. என்னைப் பத்தித்தான் சிரிக்கறாங்க, எனக்குத் தெரியும். எட்டிப் பாத்தனா? பாக்கலை.

வெளிய வேப்பமரத்தடியில வண்டி நிக்குது, போய்ப் பாருங்க. உச்சியில இருந்து சக்கரம் வரைக்கும் பளபளன்னு இருக்கும். மூடியில மட்டும் பெயிண்ட் பேந்து ஒரு ஊசிக்குத்து. அதை இன்னிக்கு வரைக்கும் நான் சரி பண்ணலை... பண்ணவும் மாட்டேன். நல்லா இருங்க கண்ணுகளா!