மொழிக்கொரு நாற்காலி போட்ட ஆசிரியைக்கு

முப்பத்தோராண்டுகள் அரசியல் அறிவியலைத் தாமும் அலுக்காமல், பிள்ளைகளையும் அலுக்க விடாமல் கற்பித்த அன்பின் பெருந்தகையீர்! இலஞ்சியிலிருந்து செங்கோட்டைக்குச் சாரலில் நனைந்த சேலையோடு வந்தாலும், இறைவணக்கத்துக்கு முந்தி வந்து நிற்கும் எங்கள் ஆனந்தவள்ளி அம்மையீர்! வணக்கம்.

கூட்டாட்சி, பாடநூலில் பதினொரு பக்கம். உங்கள் வகுப்பிலோ அது ஆண்டு முழுவதும் நடந்த அரசாங்கம்! எதையும் பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்வார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குற்றாலச் சுற்றுலாவுக்கு அப்படித்தான் நாள் குறித்தார்கள். நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. உயராத மூன்றும் புளியரையிலிருந்து வரும் மலையாள வீட்டுப் பிள்ளைகளுடையவை. குறித்த அந்தச் சனிக்கிழமை திருவோணம்.

"மூணு பேருக்காவ சாரலு காத்துக் கெடக்குமா டீச்சர்?" என்றான் வகுப்புத் தலைவன் பாண்டிராஜ்.

"ஏலே, தீவாளி அன்னைக்கு டூர் வச்சா நீ வருவியாலே?"

"அது வேற டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. மூவரில் ஒருத்தியான ஸ்ரீஜா எழுந்தாள்.

"பரவால்ல டீச்சரே, நாங்க வரல. அவங்க போட்டும்."

"நீ விட்டுக் குடுத்தா அது ஒன் நல்ல மனசு. எங்களுக்கு ஒன் மனசு வேண்டாம்ட்டி, ஒன் ஓட்டு வேணும்" என்றீர்கள்.

பனி பெய்யும் தூர தேசத்து நாவல்களில், சிறு கூட்டத்தைக் கேளாமல் பெருங்கூட்டம் எடுத்த முடிவுகளால் நாடுகளே உடைவதைப் படித்திருக்கிறோம். நீங்களோ நான்கு நாற்காலிகளைக் கொண்டுவரச் சொன்னீர்கள். தமிழுக்குப் பாண்டிராஜ், மலையாளத்துக்கு ஸ்ரீஜா, உருதுக்கு அஃப்ரின், தெலுங்குக்கு வேல்ராஜ். இந்த மேலவையும் சம்மதித்தால்தான் பயணம்! தமிழும் தெலுங்கும் ஒரு பக்கம், மலையாளமும், முதலில் கை தூக்கிவிட்டு 'நாளைக்கு ரம்சானுக்கும் இதே கதிதானே' என்று மனம் மாறிய உருதும் மறுபக்கம். இரண்டுக்கு இரண்டு. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதி எழுத மறந்திருந்தீர்கள், அம்மையீர்! நான்கு நாள் அவை முடங்கியது. தலைமையாசிரியர் நயினார் ஐயா, "சீசன் முடிஞ்சிரும் டீச்சர்" என்று வாசலில் வந்து வந்து சொல்லிப் போனார். நீங்கள் அசையவில்லை.

வியாழனன்று பாண்டிராஜ் எழுந்தான். "தீவாளிக்கு நானும் வரமாட்டேம்லா டீச்சர்? நாள மாத்திருவோம்."

காலாண்டுத் தேர்வு குறுக்கிட்டதால் மூன்று வாரம் கழித்தே போனோம். அருவி நூலாக இளைத்திருந்தது. அந்த நூலுக்கடியில் நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்று தலை நனைத்தார்கள். ஸ்ரீஜா கொண்டுவந்த உப்பேரியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பாண்டிராஜ் அறிவித்தான்: "தண்ணிதான் பஞ்சம், நேந்திரங்கா வத்தலுக்குப் பஞ்சமே இல்ல. அடுத்த வருசமும் ஓணம் கழிச்சே வருவோம்!"

அம்மையீர்! இந்த விழாவின் நாளை நாங்கள் கைதூக்கிக் குறிக்கவில்லை. சமையற்கூடத்து மாடத்தி அக்கா வரை ஒவ்வொருவரையும் கேட்டோம். மூன்று முறை தள்ளிப்போயிற்று. நீங்கள் ஓய்வு பெற்று ஐந்து வாரம் கழித்துப் பிரியாவிடை தருகிறோம். பழி முழுதும் உங்களையே சாரும்! ஆனால் இன்று இந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை.

நோயற்ற உடலோடும் குன்றாத குறும்போடும் நூறாண்டு வாழ்க!

என்றும் உங்கள்,
ஆசிரியர்கள், அலுவலர்கள், சத்துணவுப் பணியாளர்கள்
(எவரும் விடுபடாமல்)